கோடு போட்ட தாள்

ஜூலை 6, ஞாயிறு

அன்புள்ள மகளுக்கு,

நீ படிக்கப் போன துக்கத்தில் நான் கடையை மூடிவிட்டேன் என்று தெருவில் பேசிக்கொள்கிறார்கள். அது தவறு. முதலில் சொன்னது மருந்துக்கடைக்காரர். அவர் காலையில் ஒன்று சொன்னால் மாலைக்குள் அது தெருமுனை தாண்டிவிடும். உனக்கும் தொலைபேசியில் சொல்லியிருப்பார். அதனால் எழுதுகிறேன். கடை மூடியிருப்பது வெள்ளையடிப்பதற்காக. உன் அப்பா போன பிறகு அந்தச் சுவர்களுக்குச் சுண்ணாம்பு காட்டவில்லை. பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. முப்பத்தாறு வயது மகள் இரண்டு வருடம் படிக்கப் போனதற்காக, நாற்பது வருட மூக்குக்கண்ணாடிக் கடையை மூடிவிட்டு மூலையில் உட்காருகிறவள் அல்ல நான்.

உன்னை வழியனுப்ப நான் பேருந்து நிலையத்துக்கு வரவில்லை என்பதையும் பேசுகிறார்கள். அது உண்மை. கடையில் வாடிக்கையாளர் இருந்தார்.

நான் நலம். பால் ஒரு பாக்கெட் போதும் என்று சொல்ல நான்கு நாள் பிடித்தது. அந்த நான்கு நாளும் மீந்த பாலைப் பட்டறைக்காரர் குடித்தார். லென்ஸ் வெட்டுகிற வேலை இல்லாமல் கடையின் பின்னறையில் சும்மா உட்கார்ந்திருக்கிறார். போகச் சொன்னாலும் போவதில்லை. உன் அறைக் கதவைச் சாத்தி வைத்திருக்கிறேன். பூட்டவில்லை. திறந்து வைத்தால் காற்றில் அடித்துக்கொள்கிறது.

அந்தக் கதவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீ போவதற்கு முன் தச்சர் போட்ட புது நிலை நேராக இல்லை. நடுவில் வயிறு தள்ளி நிற்கிறது. கூப்பிட்டுக் காட்டினேன். மட்டப்பலகை வைத்துப் பார்த்துவிட்டு, "நூல் புடிச்ச மாதிரி இருக்கும்மா" என்கிறார். மட்டப்பலகையும் அவருடையதுதானே. இந்தத் தாளும் அப்படித்தான். கோடு போட்ட தாள் என்று கேட்டு வாங்கினேன். கோடுகள் நடுவில் நெளிகின்றன. இப்போது அச்சடிக்கிறவர்களுக்கும் அக்கறை இல்லை.

உன் அறை எப்படி, தண்ணீர் எப்படி, பாடங்கள் எப்படி என்று எழுது. தொலைபேசி வேண்டாம். அதில் நீ அழுகிறாய், நான் அதட்டுகிறேன், பிறகு இரண்டு நாள் இருவருக்கும் வீண்.

அம்மா


ஜூலை 17, வியாழன்

அம்மாவுக்கு,

அறை மூன்றாவது மாடியில். லிஃப்ட் இருக்கிறது, ஓடுவதில்லை. ஜன்னலுக்கு வெளியே யாருடைய துணியோ எப்போதும் காய்கிறது. தண்ணீர் காலை ஆறிலிருந்து ஏழு வரை. வகுப்பில் எனக்கு அடுத்தபடி மூத்தவருக்கு இருபத்திரண்டு வயது. முதல் வாரம் என்னை ஆசிரியை என்று நினைத்து எல்லோரும் எழுந்து நின்றார்கள். இப்போது அக்கா என்கிறார்கள். "அக்கா, இந்த வயசுல எதுக்குக்கா திரும்பப் படிக்கிறீங்க?" என்று ஒருத்தி கேட்டாள். "எங்கம்மாகிட்ட இருந்து தப்பிச்சு வந்தேன்" என்றேன். சிரித்தாள். நானும் சிரித்தேன். அறைக்கு வந்த பிறகு சிரிப்பு வரவில்லை.

மருந்துக்கடைக்காரர் தொலைபேசியில் பேசினார், நீங்கள் நினைத்தது சரி. ஆனால் அவர் சொன்னதில் ஒன்றை நீங்கள் எழுதவில்லை. புதன்கிழமை மாலை நான்கு மணிக்கு, பெஞ்சில் இரண்டு பேர் காத்திருக்கும்போது கடையை மூடினீர்களாம். வெள்ளையடிக்க யாராவது அப்படி மூடுவார்களா? வாடிக்கையாளரைக் காக்க வைத்துச் சாப்பிடக்கூடப் போகாதவர் நீங்கள்.

வழியனுப்பியது பற்றியும் சொல்லிவிடுகிறேன். அன்று வந்திருந்த வாடிக்கையாளர் ஒரு திருகாணி முடுக்கத்தான் வந்திருந்தார். நான் தெருவில் பெட்டியோடு நின்று திரும்பிப் பார்த்தேன். நீங்கள் அவருடைய கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தீர்கள். தலை நிமிரவே இல்லை. ஆறு வாரமாக அதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

நீங்கள் சின்ன வயதில் படித்த கான்வென்ட் விடுதியில் ஞாயிறு மாலை எல்லோரும் வீட்டுக்குக் கடிதம் எழுத வேண்டும், சிஸ்டர் படித்துப் பார்த்த பிறகுதான் உறை ஒட்டுவார் என்று சொல்லியிருக்கிறீர்கள். பசி என்றோ அழுகை வருகிறது என்றோ எழுதினால் திருப்பிக் கொடுத்துவிடுவாராம். உங்கள் கடிதத்தைப் படித்தபோது அந்த சிஸ்டர் இன்னும் உங்கள் தோளுக்குப் பின்னால் நிற்கிறார் போலிருந்தது. ஞாயிற்றுக்கிழமைதான் எழுதியிருக்கிறீர்கள், பார்த்தீர்களா.

என்ன நடந்தது என்று சொல்லுங்கள். வா என்றால் வந்துவிடுகிறேன்.

குண்டூசி
(அப்பா வைத்த பெயரில் கையெழுத்துப் போடக் கூடாது என்று சொல்லாதீர்கள்)


ஜூலை 27, ஞாயிறு

அன்புள்ள மகளுக்கு,

அந்த சிஸ்டரைப் பற்றி இனி எழுதாதே. கையெழுத்து, நேரம், நிமிர்ந்து உட்காருவது, வீட்டுக் குறையை வெளியில் விரிக்காமல் இருப்பது எல்லாம் அவரிடம் கற்றது. நீ அதையெல்லாம் கேலி செய்கிற வயதைத் தாண்டிவிட்டாய் என்று நினைத்திருந்தேன்.

கடையை எந்த மணிக்கு மூட வேண்டும் என்று மருந்துக்கடைக்காரரிடம் நான் அனுமதி வாங்க வேண்டியதில்லை.

வா என்றால் வருவேன் என்கிறாய். நான் சொல்ல மாட்டேன். அப்பாவிடம் கற்றது கண்ணாடி மாட்டுகிற வேலைதான், கண்ணை அறிகிற வேலை இல்லை என்று நீதான் சொன்னாய். அறிந்துகொண்டு வா. பாதியில் விட்டு வந்தால், அந்தப் பாதிக்கு நான்தான் காரணம் என்று இந்தத் தெரு சொல்லும். நீ சொல்ல மாட்டாய். ஆனால் சாப்பாட்டு மேசையில் எதிரே உட்கார்ந்து சொல்லாமல் இருப்பாய். அது அதைவிட மோசம்.

இங்கே விசேஷம் ஒன்றுமில்லை. மாடி வீட்டு ஆசிரியை ஏன் எனக்கு முகம் கொடுப்பதில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நேற்று அவளே கதவைத் தட்டி, "நான் தெனமும் படியில நின்னு சிரிக்கிறேன்மா, நீங்கதான் யாரோ மாதிரி பாத்துட்டுப் போறீங்க. நான் எதுவும் தப்பு பண்ணிட்டனா?" என்கிறாள். படியில் வெளிச்சம் போதவில்லை. வீட்டுக்காரரிடம் பெரிய பல்பு போடச் சொல்லியிருக்கிறேன். இங்கே கூடத்து ஜன்னல் கம்பிகளும் வளைந்துவிட்டன. இரும்பு இப்படி வளையுமா என்று தெரியவில்லை.

களைப்பாக இருக்கிறது. கடை இல்லாத நாள் நீளமானது. காலையில் உன் அறைப் பக்கம் குழாய் திறக்கிற சத்தம் கேட்ட பிறகுதான் அடுப்பை ஏற்றுவேன். அது என் பழக்கம் என்று இத்தனை நாள் எனக்கே தெரியாது. இப்போது எந்த நேரத்தில் ஏற்றுவது என்று தெரியாமல் நிற்கிறேன். பழகிவிடும்.

அம்மா


ஆகஸ்ட் 8, வெள்ளி

அம்மா,

இதை நின்றுகொண்டே எழுதுகிறேன். கோபம் எல்லாம் பிறகு.

நேற்று செய்முறை வகுப்பில் ஒரு தாள் கொடுத்தார்கள். கணக்கு நோட்டு மாதிரி கட்டம் போட்டது, நடுவில் ஒரு புள்ளி. ஒரு கண்ணை மூடிக்கொண்டு மற்ற கண்ணால் புள்ளியைப் பார்க்க வேண்டும். நல்ல கண்ணுக்கு எல்லாக் கோடும் நேராகத் தெரியும். விழித்திரையின் நடுப்பகுதி கெட ஆரம்பித்தால் கோடுகள் வளையும், நெளியும், சில இடத்தில் காணாமல் போகும். பேராசிரியர் சொன்னார்: "வயசானவங்க டாக்டர்கிட்ட வந்து கண்ணு தெரியலைனு சொல்ல மாட்டாங்க. கதவு கோணலா இருக்கு, கம்பி வளைஞ்சிருக்கு, எதிர்ல வர்ற ஆளு மூஞ்சி தெரியலைனு சொல்லுவாங்க."

எல்லோரும் குறிப்பு எடுத்தார்கள். நான் பையிலிருந்து உங்கள் இரண்டு கடிதங்களையும் எடுத்தேன்.

கதவு நிலை. தாளின் கோடு. ஜன்னல் கம்பி. மாடி வீட்டு ஆசிரியையின் முகம்.

ஆனாலும் குழப்பமாக இருக்கிறது. ஜனவரியில் உங்கள் கண்ணைச் சோதித்தேன். இரண்டு கண்ணிலும் கடைசி வரிவரை தடுமாறாமல் படித்தீர்கள். அதனால் என் பயம் தவறாகவும் இருக்கலாம். தவறு என்றால் திட்டி எழுதுங்கள், சந்தோஷமாக வாங்கிக்கொள்கிறேன்.

இத்துடன் இரண்டு கட்டத் தாள் வைத்திருக்கிறேன், இடது கண்ணுக்கு ஒன்று, வலது கண்ணுக்கு ஒன்று. படிக்கிற கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பாருங்கள். வளைகிற இடத்தைப் பென்சிலால் குறித்து அனுப்புங்கள். அதற்காகக் காத்திருக்கவும் வேண்டாம். கண் மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு போகும்படி பட்டறைக்காரரிடம் சொல்லியிருக்கிறேன். இந்த நோயில் போன பார்வை திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம். ஒவ்வொரு வாரமும் முக்கியம்.

நேற்று நான் கூப்பிட்டு, மருந்துக்கடைக்காரர் தன் தொலைபேசியை உங்களிடம் கொண்டுவந்து நீட்டியபோது, "நல்லாத்தான் இருக்கேன், வை" என்று வைத்துவிட்டீர்கள். அடுத்த முறை வைக்காதீர்கள்.

உங்கள் மகள்


ஆகஸ்ட் 17, ஞாயிறு

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பிய இரண்டு தாளையும் பார்த்தேன். கோடுகள் நேராக உள்ளன. தாள்களை இத்துடன் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

ஒரு பாடம் படித்தவுடன் அந்த நோய் வீட்டில் எல்லோருக்கும் இருப்பதாகத் தோன்றுவது புது மாணவர்களுக்கு வழக்கம். பட்டறைக்காரரை இனி இதற்காகத் தொந்தரவு செய்யாதே. மூன்று நாளாகக் காலையில் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வந்து, "ஆஸ்பத்திரிக்குக் கெளம்பலாமாம்மா" என்று வாசலில் நிற்கிறார்.

நன்றாகச் சாப்பிடு.

அம்மா


ஆகஸ்ட் 27, புதன்

அம்மா,

தாள்கள் வந்தன. வெறுமையாகத்தான் இருந்தன. பிறகு ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தேன். இடது கண் தாளில் நடுவில் கைவிரல் அகலத்துக்கு ஒரு வட்டம். வலது கண் தாளில் புள்ளிக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு அலை. சரியாகக் குறித்திருக்கிறீர்கள், ஒழுங்காக, அழுத்தி. பிறகு ரப்பரால் அழித்திருக்கிறீர்கள். பென்சில் போய்விட்டது, பள்ளம் போகவில்லை.

ஜனவரி சோதனையும் புரிந்துவிட்டது. நம் கடை எழுத்துப் பலகை நான் பிறப்பதற்கு முன்னால் அப்பா மாட்டியது. ய, ட, ப, ம, ர, ங. நாற்பது வருடமாக ஆயிரம் பேர் அதை உங்கள் காதுபடப் படித்திருக்கிறார்கள். நீங்கள் படிக்கவில்லை அம்மா. ஒப்பித்தீர்கள். நான் கண்ணைச் சோதித்ததாக நினைத்துக்கொண்டு, ஒப்பிப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். பலகையைத் தலைகீழாகத் திருப்பி மாட்டியிருந்தால் போதும். அது எனக்குத் தோன்றவில்லை. உங்கள் மேல் கோபமா என் மேல் கோபமா என்று தெரியவில்லை. இரண்டு நாளாகத் தூக்கமில்லை.

கல்லூரி முதல்வரைப் பார்த்தேன். படிப்பிலிருந்து விலக விண்ணப்பம் எழுதி வைத்துவிட்டேன். செப்டம்பர் இருபதாம் தேதி கொடுத்துவிட்டு அன்றே கிளம்புகிறேன். இந்த இடத்தை எனக்காக வைத்திருக்க மாட்டார்கள், மறுபடி சேர முடியாது. பரவாயில்லை. அதற்குள் நீங்கள் மருத்துவமனைக்குப் போய்விட்டீர்கள், சிகிச்சை தொடங்கிவிட்டது என்று உங்கள் கையால் எழுதிய கடிதம் வந்தால் விண்ணப்பத்தைக் கிழித்துப் போடுகிறேன். வேறு யார் சொன்னாலும் நம்ப மாட்டேன்.

சிஸ்டர் இல்லாமல் ஒரே ஒரு கடிதம் எழுதுங்கள்.

குண்டூசி


செப்டம்பர் 7, ஞாயிறு

குண்டூசிக்கு,

கோடு இல்லாத வெள்ளைத் தாளில் எழுதுகிறேன். வரி எங்கே போகிறது என்று எனக்குத் தெரியாது. எழுத்தின் மேல் எழுத்து விழுந்திருந்தால் பொறுத்துப் படி. மாடி வீட்டு ஆசிரியை தடித்த பேனா கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை பட்டறைக்காரருடன் மருத்துவமனைக்குப் போனேன். இதை முதலில் எழுதுகிறேன், நீ இதைத்தான் முதலில் தேடுவாய். விழித்திரையில் நீர் கோத்திருக்கிறது. இடது கண்ணின் நடு போய்விட்டது, வராது. வலது கண்ணைப் பிடித்து நிறுத்தலாம் என்கிறார் மருத்துவர். அந்தக் கண்ணுக்குள்ளேயே அன்றே ஊசி போட்டார்கள். மாதம் ஒன்று போட வேண்டும். வலி சொல்லும்படியாக இல்லை. இல்லை, வலித்தது. ஊசி வருவது தெரிந்துகொண்டே இமைக்காமல் இருப்பது வலியைவிடக் கஷ்டம்.

உன் கடிதத்தை என்னால் படிக்க முடியவில்லை. பட்டறைக்காரர்தான் படித்துக் காட்டினார். "ஒப்பித்தீர்கள்" என்ற இடத்தில் நிறுத்திவிட்டுத் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எவ்வளவு நேரம்தான் துடைப்பார். "மேல படிங்க" என்றேன். "எனக்குத் தெரியும்மா, போன வருஷத்துல இருந்து நீங்க திருகாணிய விரலால தடவித்தான் தேடுறீங்க" என்றார். "அப்ப ஏன் சொல்லல?" என்றேன். "சொன்னா என்னைய வேலையை விட்டு அனுப்பியிருப்பீங்க" என்றார். அனுப்பியிருப்பேன்.

கடையை மூடிய கதையையும் சொல்லிவிடுகிறேன். பேருந்து ஓட்டுநர் ஒருவர் கண் மருத்துவர் எழுதிய சீட்டு கொண்டுவந்தார். பவர் ஒன்றேமுக்கால் என்று இருந்ததை நான் இரண்டேமுக்கால் என்று எழுதிப் பட்டறைக்கு அனுப்பினேன். அதைத்தான் பட்டறைக்காரர் வெட்டினார். புதன்கிழமை மாலை ஓட்டுநர் திரும்பி வந்து, "அம்மா, இதப் போட்டா முன்னாடி போற வண்டியெல்லாம் மங்குது, தலையும் சுத்துது" என்றார். எத்தனை நாள் போட்டு ஓட்டினீர்கள் என்று கேட்டேன். ரெண்டு நாள் என்றார். அவர் ஓட்டுவது அறுபது பேர் உட்காருகிற வண்டி. எப்போதும் கண்ணாடியைப் போட்டுப் பழகச் சொல்லி அனுப்புகிறவள் நான்தான். அந்தக் கண்ணாடியை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, பெஞ்சில் இருந்த இரண்டு பேரையும் போகச் சொல்லிவிட்டுக் கதவை இழுத்துவிட்டேன். வெள்ளையடிக்க யாரும் வரவில்லை. தெரு சொன்னது தவறு என்றேன். நான் உனக்கு எழுதியதும் தவறு.

ஜனவரியில் பொய் சொல்ல வேண்டும் என்று நான் உட்காரவில்லை. நான்காவது வரியில் எழுத்துகள் கலைந்தன. வாய் நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது. கடைசி எழுத்து முடிந்ததும் நீ, "சூப்பர்மா, எனக்கே இப்படித் தெரியாது" என்றாய். மேசையில் உன் விண்ணப்பப் படிவம் இருந்தது, உறை ஒட்டாமல். என் கண் சரியில்லை என்றால் நீ அதை ஒட்டியிருக்க மாட்டாய். நான் திருத்திச் சொல்லவில்லை.

மருத்துவமனையிலும் பலகை முன் உட்கார வைத்தார்கள். உன் வயதுகூட இல்லாத பெண். "படிங்கம்மா" என்றாள். அங்கே வேறு எழுத்துகள். முதல் எழுத்துக்குக் கீழே எனக்கு ஒன்றும் இல்லை. தெரியவில்லை என்றேன். அடுத்த வரி என்றாள். தெரியவில்லை. அடுத்தது. தெரியவில்லை. என் வாழ்நாளில் ஒரு பலகை முன்னால் நின்று அந்தச் சொல்லைச் சொன்னதில்லை. மூன்று முறை சொன்ன பிறகு பழகிவிட்டது. அவள் ஒன்றும் நினைக்கவில்லை. எழுதிக்கொண்டாள்.

இன்னும் ஒன்று இருக்கிறது. நீ தெருவில் நின்று திரும்பிப் பார்த்தபோது நானும் நிமிர்ந்து பார்த்தேன். ஒரே ஒரு முறை. பச்சைப் புடவை தெரிந்தது. பெட்டி தெரிந்தது. நீ தூக்கிய கை தெரிந்தது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு அழுக்குத் தடம் மாதிரி இருந்தது. கண்ணாடிக் கதவில் அழுக்கு என்று நினைத்து, தலையை நகர்த்திப் பார்த்தேன். அதுவும் கூடவே நகர்ந்தது. அதற்கு மேல் பார்க்க முடியவில்லை. அதனால்தான் அந்த மனிதருடைய கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். வாடிக்கையாளர் காரணமில்லை.

நீ வர வேண்டாம். வேண்டாம் என்பதை வீறாப்பில் எழுதவில்லை. நீ பக்கத்தில் இருந்தால் எனக்கு நல்லதுதான். காலையில் குழாய்ச் சத்தம் வேண்டும் என்று இருக்கிறது. இருந்தாலும் நீ இங்கேயே இருந்திருந்தால் கதவு நிலையைத் தச்சரிடம் சொல்லி மாற்றியிருப்போம், ஜன்னல் கம்பியையும் மாற்றியிருப்போம், அடுத்த ஜனவரியில் நான் மறுபடி கடைசி வரிவரை ஒப்பித்திருப்பேன். நீ போனதால்தான் கண்டுபிடித்தாய். படிப்பை முடித்துவிட்டு வா. மாதம் ஒரு முறை பட்டறைக்காரர் சட்டையை இஸ்திரி போட்டுக்கொள்ளட்டும். அவருக்கும் வேலை வேண்டும். பட்டறைக்குச் சீட்டு எழுதும் பொறுப்பை மாடி வீட்டு ஆசிரியை மாலை நேரத்தில் பார்க்கிறேன் என்கிறாள்; நீ சரி என்றால் கடையைத் திறக்கிறேன். அந்தப் பழைய பலகையைக் கழற்றச் சொல்லிவிட்டேன்.

தச்சரிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்லம்மா, அன்னைக்கே எனக்கு என் மட்டப்பலகை மேலயே சந்தேகம் வந்துடுச்சு" என்றார்.

விண்ணப்பத்தைக் கிழித்துவிட்டாயா என்று எழுது. தொலைபேசியில் சொல்லாதே. சின்ன வயதில் நான் எழுதிய கடிதத்தை உறை ஒட்டும் முன் வேறொருவர் படித்தார். இப்போது எனக்கு வருகிற கடிதத்தைப் பட்டறைக்காரர் படிக்கிறார். இந்த ஒன்றை நானே படிக்க வேண்டும். கறுப்பு மையில், பெரிய எழுத்தில், பக்கத்துக்கு ஆறு வரிக்கு மேல் போகாமல் பதில் எழுது.

அம்மா